எடுத்துவிட்ட சிவப்பு வயர்

புதுக்கடையில் பஸ் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, ததேயுஸ் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். எந்த ததேயுஸ் என்பார்கள். பிறகு அவர்களே, அரைவயர் ததேயுஸா என்பார்கள். செத்து அடக்கமும் முடிந்துபோன ஒரு மனுசனுக்கு அடையாளம் சொல்ல அந்த ஊரில் வேறு சொல் கிடையாது. அடக்கத்தன்றைக்கே கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று ஒருத்தன் போனில் யாரிடமோ, நம்ம அரைவயர் போயிட்டாரு கேட்டியா என்று சொல்லிக்கொண்டிருந்தான். ததேயுசின் கூட்டாளி செல்வதாஸ் பக்கத்தில்தான் நின்றார். துட்டிக்கு வந்த இடம் என்று கையைக் கட்டிக்கொண்டார். கட்டாமல் இருந்திருந்தால் அந்தப் போன் மதிலைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும்.

இந்தக் கோபம் நேற்று வந்ததல்ல, வருசக்கணக்காக அவர் வயிற்றில் கிடக்கிறது. செல்வதாஸ் கேட்பது ஒன்றுதான். ஒருத்தன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து மூடி வைக்கிறான். இன்னொருத்தன் கேட்காமல் கொள்ளாமல் மூடியைத் திறந்து, கையை விட்டுக் கெடுக்கிறான். கெட்டபிறகு, கெடுத்தவன் உதவி செய்தவன் ஆகிறான், செய்தவன் மறதிக்காரன் ஆகிறான். இது எந்த ஊர் நியாயம்? அவர் இதை ஆரம்பித்தாலே வீட்டுக்காரி சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அவளுக்கு மனப்பாடம்.

செல்வதாசுக்குப் புதுக்கடை சந்தைக்குப் பின்னால் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் எரிந்துபோய்த்தான் அவர் கைக்கு வந்து சேரும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நல்ல வார்த்தை பேசத் தோன்றாது. பேசினாலும் பதிலுக்கு ஒன்று வராது.

ததேயுஸ் அந்தக் கடைக்கு முதலில் வந்ததே சண்டை போடத்தான். செல்வதாஸ் சுற்றிக் கொடுத்த தண்ணீர் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். விசாரித்தால், வீட்டில் கொண்டுபோய் கனெக்சனை மாற்றிக் கொடுத்தது அவனேதான். அது தெரிந்த பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்க வயருக்க கலரு சரியில்ல என்றான். பிறகு எதிர்க்கடையில் இரண்டு சாயா சொல்லி, ஒன்றைச் செல்வதாசிடம் நீட்டினான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான். வாயால் யாரிடமும் அவன் தப்பை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் அன்றைக்கே செல்வதாஸ் ஒன்றைக் கவனித்தார். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும், மேசைமேல் கிடந்த ஒரு குட்டி மோட்டாரைப் பார்த்தவன் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, தொடட்டா என்று கேட்டான். கடைக்கு வருகிற எவனும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எடுத்து உருட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். பிறகுதான் தெரிந்தது, அது கடற்கரைப் பழக்கம் என்று. கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்காருவதாக இருந்தால்கூட அங்கே ஒரு சத்தம் கொடுத்துக் கேட்பார்கள். உடையவன் பக்கத்தில் இல்லையென்றால் அவன் பெண்டாட்டியிடமாவது கேட்பார்கள். கேட்காமல் அடுத்தவன் வள்ளத்தில் கை வைத்தவனை ஊர் லேசில் விடாது. அந்த மரியாதை பெரிய வள்ளத்துக்கு மட்டும்தான், சின்ன வள்ளத்துக்குக் கிடையாது என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

ததேயுஸ் மீசை முளைக்கும் முன்னே கடலுக்குப் போனவன். கல்யாணம் ஆனதும் பஹ்ரைனுக்குப் போய் ஒரு அரபியின் லாஞ்சியில் மீன் பிடித்தான். அந்த அரபிக்கு ரிமோட்டில் ஓடும் குட்டிப் படகு என்றால் பைத்தியம். அவனுடைய படகு ஒன்றை ததேயுஸ் ரிப்பேர் பார்க்கிறேன் என்று எடுத்து, வயர்களையெல்லாம் தன் இஷ்டத்துக்குக் கொடுத்து, தண்ணீரில் விட்டதும் புகைய வைத்தான். அரபி திட்டின திட்டு அவனுக்கு மொழி தெரியாததால் புரியவில்லை என்பான். ஏன் எரிந்தது என்று தெரியாமல் இருக்க மட்டும் அவனால் முடியவில்லை. கடை கடையாகப் போய் விசாரித்தான். கற்றுக்கொண்டான். எரித்துப் படித்த படிப்பு.

ஊருக்கு வந்து சொந்த வள்ளம் இறக்கினான். துறைமுக வாயிலில் ஒரு அலை வள்ளத்தைப் புரட்டி, அவனைப் பாறையில் அடித்தது. இடுப்பெலும்பு கூடின பிறகும் ஆடுகிற வள்ளத்தில் நிற்கக் கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டு முற்றத்தில் ஓலைக்கொட்டகை போட்டு உட்கார்ந்தான். போட் கட்டும் இடத்தில் மிஞ்சும் பைபர் துணியையும் ரெசினையும் வாங்கிவந்து, தன்னுடைய வள்ளத்தையே சின்னதாகச் செய்ய ஆரம்பித்தான். தரையில் குத்தி நிறுத்தினால் இடுப்புக்கு வரும். பின்னால் இரண்டு மோட்டார், இரண்டு காற்றாடி, நடுவில் ஒரு சுக்கான். முன்மூக்கான அணியத்தில் வர்ணத்தால் குளோரி என்று பெண்டாட்டி பேரை எழுதினான். பேரைப் பார்த்த குளோரி, உயிரோட இருக்கியவ பேரை எழுதி ஆத்துல முக்கப் போறியா என்று கேட்டாள். முங்காது, நீ எப்பிடி முங்குவ, வாய் எப்பவும் வெள்ளத்துக்கு மேலதான நிக்கும் என்றான் ததேயுஸ். அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சோறு பக்கத்து வீட்டில்.

அந்த வள்ளத்துக்கு மோட்டார் சுற்றிக் கொடுக்கத்தான் செல்வதாஸ் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்தால் நேரே அங்கேதான். இருவரும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். குளோரி சாளை பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரெண்டு சேவக்கோழியையும் ஒரே கூட்டுல அடைச்சாச்சு என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ததேயுஸ் வயர் கொடுத்துக்கொண்டிருந்தான். ரிமோட் சொல்வதைக் கேட்பதற்கு வள்ளத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி உண்டு, ரிசீவர். சுக்கானைத் திருப்புவதற்கு ஒரு செர்வோ. ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி, ஈஎஸ்சி என்பார்கள். ஈஎஸ்சியில் இருந்து ரிசீவருக்கு மூன்று வயர் வரும். வெள்ளை சொல்லைக் கொண்டுபோகும். சிவப்பும் கறுப்பும் ரிசீவருக்குக் கரண்ட் கொண்டுபோகும். செர்வோவும் அதே கரண்டில்தான் ஓடும். இரண்டு ஈஎஸ்சியில் ஒன்றை அப்படியே குத்திவிட்டு, இரண்டாவதன் பிளக்கை ததேயுஸ் கண்ணுக்கு நேரே பிடித்தான். சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி, சிவப்பு வயரை மட்டும் நோகாமல் உருவினான். பின்பக்கம் மடக்கினான். கறுப்பு டேப் சுற்றினான்.

செல்வதாசுக்குப் பொறுக்கவில்லை. எரிந்த வயரையே பார்த்துப் பார்த்து மாட்டுகிறவர் அவர். நல்ல வயரைப் பிடுங்கித் தொங்கவிட உனக்குக் கிறுக்கா என்று கேட்டார்.

"செல்வா, ரெண்டு கிணத்து மோட்டார ஒரே பைப்புல கொடுத்து, நடுவுல வால்வும் வைக்காம ஓட்டினா என்ன ஆவும்?" என்றான் ததேயுஸ்.

தள்ளும் பலம் கூடுதல் உள்ள மோட்டார் மற்றக் கிணற்றுக்குள்ளே தண்ணீரைத் தள்ளும், மேலே தொட்டிக்கு ஒன்றும் வராது. செல்வதாஸ் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ஈஎஸ்சியும் அளந்தாற்போல ஒரே கரண்டைத் தராது. ஒன்று இம்மிணி கூடும், ஒன்று குறையும். இரண்டு சிவப்பையும் ரிசீவரில் சேர்த்தால் கூடினது குறைந்ததற்குள் பின்வழியாக ஏறும். குறைந்தது எதிர்த்து நிற்கும். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி இரண்டும் சூடாகும். நடுவில் கிடக்கிற ரிசீவர் பட்டினி. அதனால் ஒரு சிவப்பு போதும், மற்றதை எடுத்துவிட வேண்டும். எல்லா பெட்டியும் எரியாது, சிலது எரியும், எது எரியும் என்று எரிந்த பிறகுதான் தெரியும் என்றான் ததேயுஸ். ஒரு வீட்டுக்கு ஒரு மாமியா போதும் என்றும் சொன்னான். பக்கத்தில் குளோரி இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை.

அந்த வருசத் திருவிழாவில்தான் முதல்முறையாகக் குட்டி வள்ளப் போட்டி வைத்தார்கள். ஆறு கடலில் விழும் முன் மணல்மேட்டில் முட்டி நிற்கும் இடத்துக்குப் பொழி என்று பேர். அங்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். நடுவில் ஒரு மிதவை. வள்ளம் போய் அதைச் சுற்றிவந்து கரையில் முட்டாமல் நிற்க வேண்டும். பையன்கள் இண்டர்நெட்டில் பார்த்துச் செய்தவை, தெர்மகோலில் வெட்டினவை என்று பல வள்ளங்கள் வந்தன. மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். குளோரியைப் பார்க்கத்தான் கூட்டம். அசல் வள்ளத்தைச் சலவைக்குப் போட்டுச் சுருக்கினது போல இருந்தது என்று செல்வதாஸ் இன்றைக்கும் சொல்வார். பாராட்டு என்று அவர் வாயில் இருந்து வந்தது அது ஒன்றுதான்.

போட்டி நடத்தினவர்களில் ஒருத்தன் கிளீட்டஸ். பெரிய பைபர் வள்ளங்களுக்கு என்ஜின் மாட்டுகிறவன். கைவேலை தெரிந்தவன். ததேயுஸ் மூத்திரம் பெய்யப் போன நேரத்தில், எல்லா வள்ளத்தையும் சரிபார்க்கிறேன் என்று மூடிகளைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தான். குளோரியையும் திறந்தான். உள்ளே ஒரு சிவப்பு வயர் டேப் சுற்றிக் கிடந்தது. பக்கத்திலேயே பிளக்கில் அதற்கு உரிய ஓட்டை காலியாக இருந்தது. வேறு யாரானாலும் உடையவனைக் கூப்பிட்டிருப்பான். கிளீட்டஸ் கூப்பிடவில்லை. பெரிய வள்ளத்தில் இரண்டு பேட்டரியையும் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்துக் கட்டுவதுதான் அவன் வழக்கம்; ஒன்று போனால் மற்றது இழுக்கும். இங்கேயும் இரண்டு என்ஜின், அப்போது இரண்டு லைனும் வேண்டும் என்று நினைத்தான். டேப்பை உரித்தான், சிவப்பை உள்ளே குத்தினான். கிளிக் என்று உட்கார்ந்தது. மூடினான்.

செய்ததை ஒளிக்கவும் இல்லை. மைக்கைப் பிடித்து, ததேயுஸ் அண்ணன் அவசரத்துல ஒரு வயர குத்த மறந்துட்டாரு, நல்ல வேளை நான் பாத்தேன் என்று ஊருக்கே சொன்னான். கூட்டம் கைதட்டியது. அதற்குள் ததேயுஸ் இழுத்து இழுத்து வந்து, வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி ரிமோட்டை வாங்கிக்கொண்டான். மைக்கின் கரகரப்பில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பேரைச் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கையைக்கூடத் தூக்கிக் காட்டினான். கூட்டத்துக்குப் பின்னால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற செல்வதாசுக்கு விளங்கியது. ஆளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார். ஓடி வருவதற்குள் குளோரி கிளம்பிவிட்டாள்.

மிதவை வரைக்கும் அழகாகப் போனாள். திருப்பத்தில் செர்வோ இழுக்க வேண்டிய நேரம் வந்ததும் சுக்கான் வலிப்பு வந்ததுபோல் நடுங்கியது. ஒரு மோட்டார் நின்றது. மற்றது கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு முழுவேகத்தில் இழுத்தது. ததேயுஸ் ரிமோட்டை என்னவெல்லாமோ செய்து பார்த்தான். வள்ளம் ஒரு வட்டம் போட்டது, இரண்டு வட்டம் போட்டது, பிறகு நேரே வந்து கரைக்குக் காவலாகக் கொட்டியிருந்த பாறையில் அடித்தது. அணியம் பிளந்தது. தூக்கிவந்து மூடியைத் திறந்தபோது வந்த எரிந்த வாடை செல்வதாசுக்குத் தினமும் கடையில் அடிக்கிற வாடைதான்.

ததேயுஸ் உள்ளே பார்த்தான். டேப் இல்லாத சிவப்பு வயரைப் பார்த்தான். எனக்க வள்ளத்துல ஆரு கை வச்சது என்று கேட்டான். கிளீட்டஸ் முன்னால் வந்து, நான்தான் அண்ணே, நீங்க மறந்துபோன வயரத்தான் குத்தினேன், வேற ஒண்ணும் செய்யல்ல என்றான்.

"மறக்கல்ல. எடுத்துவிட்டது."

இதைச் சொல்லித்தான் ததேயுஸ் அடுத்த இத்தனை வருசத்தையும் கழித்தான். யார் நம்பினார்கள்? வேலை தெரிந்த மனுசன் நல்ல வயரை எதற்குப் பிடுங்கிவிடுவான் என்று கேட்டார்கள். எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளாத வாய் என்றும் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் வினை. செல்வதாஸ் நடுவில் விழுந்து கிணற்று மோட்டார் கணக்கை எடுத்துச் சொன்னார். எங்க ஊரு திருவிழாவுல புதுக்கடைக்காரனுக்கு என்ன சோலி என்று ஒருத்தன் கேட்டான். செல்வதாஸ் அவன் சட்டையைப் பிடித்தார். பாதிரியார் வந்துதான் பிரித்துவிட்டார்.

அதோடு விட்டானா ததேயுஸ்? விடவில்லை. மறுவாரமே சாயாக்கடை பெஞ்சில் ஒரு பலகையைக் கொண்டுவைத்தான். அதில் வேறு இரண்டு ஈஎஸ்சி, மோட்டார், ரிசீவர், செர்வோ. இரண்டு சிவப்பையும் குத்தி ஓட்டிக் காட்டுகிறேன், எப்படி எரிகிறது பாருங்கள் என்றான். ஓட்டினான். எரியவில்லை. மோட்டார் கொஞ்சிக்கொண்டு ஓடியது, செர்வோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாலாட்டியது. தண்ணீரின் பாரம் இல்லாமல் மேசைமேல் ஓடுகிற மோட்டாருக்கு என்ன கஷ்டம்? சுக்கானை எதிர்த்துத் தள்ள அங்கே என்ன இருக்கிறது? பாரம் இருந்தால்தான் சண்டை தெரியும். இதைச் சொன்னால் கேட்கக் காது வேண்டாமா? கூட்டம் சாயா ஆறும் வரை நின்று பார்த்துவிட்டு, அரைவயர் அண்ணே, முழுவயரும் ஓடுதே என்று சொல்லிவிட்டுக் கலைந்தது. பேர் விழுந்தது அந்த இடத்தில்தான்.

விழுந்த பேர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மீன் ஏலம் போடுகிற இடத்தில் அரைவயர். ரேஷன் கடையில் அரைவயர். குளோரி ஐஸ் வாங்கப் போனால் அரைவயர் வீட்டுக்கா என்பார்கள். அவள் ஒருநாள் ஐஸ்கட்டியை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு, எனக்க மாப்பிளைக்கு அரைவயரா முழுவயரான்னு எனக்குத் தெரியும், நீ உனக்க வீட்டுல கரண்டு இருக்கான்னு பாரு ஏட்டி என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஐஸ் கடையில் மட்டும் அந்தப் பேர் ஒலிக்கவில்லை.

செல்வதாசும் ஒருநாள் ஒரு முடிவோடு கிளீட்டஸ் வீட்டுக்குப் போனார். அவன் நாற்காலி எடுத்துப் போட்டான். நேந்திரம்பழச் சிப்சும் சாயாவும் வந்தன. அண்ணே, நான் மனசறிஞ்சு ஒரு கெடுதலும் செய்யல்ல, உதவின்னு நெனச்சுத்தான் செஞ்சேன் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னான். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் செல்வதாசை இன்னும் எரித்தது. கெட்டவனாக இருந்தால் செவிட்டில் ஒன்று கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நல்லவனை என்ன செய்வது? வயர் விசயம் சரி, கேட்டுட்டு தொட்டிருக்கலாமே என்றார். சும்மா வெளையாடுத களிப்பாட்டு வள்ளம்தான அண்ணே, அதுக்குமா கேக்கணும் என்றான் கிளீட்டஸ். செல்வதாஸ் சாயாவைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

ததேயுஸ் குளோரியின் பிளவை ஒட்டினான், வர்ணம் அடித்தான், எரிந்ததை மாற்றினான். ஆனால் எந்தத் திருவிழாவிலும் தண்ணீரில் இறக்கவில்லை. இறக்கி ஜெயித்துக் காட்டினால் பேர் மாறாதா என்று செல்வதாஸ் கேட்டதற்கு, ஜெயிச்சா இந்தத் தடவை மறக்காம குத்தினான்னு சொல்லுவானுவ என்றான். அவனுக்கு வேண்டியது கோப்பை இல்லை. கிளீட்டஸ் அதே மைக்கைப் பிடித்து, ததேயுஸ் அண்ணன் மறக்கவில்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சாகும் முன் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொல். அதற்கு ஒரு ஊருக்கு இத்தனை கஞ்சத்தனம்.

அதற்குள் சிறுநீரகம் கெட்டது. நாகர்கோவிலுக்கு டயாலிசிஸ் செய்யப் போய்வர ஆரம்பித்தான். ஆள் வற்றிப்போனான், வாய் மட்டும் வற்றவில்லை. டயாலிசிஸ் மிஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு நர்ஸிடம், இதுக்க சிவப்பு லைனும் ஒண்ணுதானா ரெண்டா என்று கேட்டானாம்.

இந்த வருசத் திருவிழா நெருங்கிக்கொண்டிருக்கும்போது செல்வதாஸ் கடை வாசலில் கிளீட்டஸ் வந்து நின்றான். கையில் ஒரு குட்டி வள்ளம். இவ்வளவு காலம் போட்டி நடத்தினவன் இந்தத் தடவை தானே இறங்குகிறானாம். இரண்டு மோட்டார் வள்ளம். காற்றாடித் தண்டு ஆடுகிறது, சரிபண்ணித் தர வேண்டும் என்றான். பழைய விசயத்தை அவன் மறந்தே போயிருந்தான். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நல்ல தூக்கம் வரும்.

செல்வதாஸ் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு ஈஎஸ்சி, இரண்டு பிளக், இரண்டு சிவப்பு, இரண்டும் இறுக்கமாகக் குத்தியிருந்தன. சுக்கானுக்குப் போட்டிருந்த செர்வோ தீப்பெட்டியைவிடப் பெரியது. கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கும் ரகம். செல்வதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்டை மட்டும் நேராக்கினார், மூடியை மூடினார், துணியால் துடைத்துக் கொடுத்தார். நல்லபடியா ஓட்டு மக்கா என்றார். இந்த மனுசன் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று கிளீட்டஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

அன்றைக்குக் கடையை நேரத்தோடு அடைத்தார். பைக்கை எடுத்து நேரே ததேயுஸ் வீட்டுக்கு விட்டார். ததேயுஸ் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். டயாலிசிஸ் முடித்துவந்த அசதி. எதிரே அலமாரிமேல் குளோரி நின்றாள், அணியத்தில் ஒட்டின தழும்போடு. செல்வதாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ததேயுஸ் முகத்தில் ரத்தம் ஏறினது.

"ரெண்டு சிவப்புமா?"

"ரெண்டும்."

"செர்வோ பெருசா?"

"உனக்க செர்வோவுக்கு அப்பன்."

ததேயுஸ் சிரித்தான். இருமல் வரும் வரை சிரித்தான். அப்போ திருப்பத்துல நிக்கும் என்றான். நடுப்பொழியில், ஊர் முழுக்கப் பார்க்க, மைக் செட்டுக்கு நேரே நிற்கும் என்றார் செல்வதாஸ். இரண்டு பேரும் அதைக் கண்ணால் பார்த்ததுபோலவே பேசினார்கள். சுக்கான் நடுங்குவதை, வட்டம் போடுவதை, கிளீட்டஸ் ரிமோட்டைத் தட்டுவதை, மூடியைத் திறந்ததும் வரும் வாடையை. செல்வதாஸ் அந்த இடத்தில் போய் நின்று சொல்லப்போகும் வார்த்தைகளைக்கூட எடுத்து வைத்திருந்தார். குளோரி கஞ்சியோடு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். நோயாளிக்கு இதைவிட நல்ல மருந்து ஒருத்தனும் கொடுக்கல்ல அண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு ததேயுஸ் அலமாரிமேல் இருந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அசதி என்று நினைத்து, செல்வதாஸ் எழுந்து செருப்பை மாட்டினார். வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டான்.

"லேய் செல்வா. நீ கிளீட்டஸ் வீட்டுக்குப் போணும்."

என்னத்துக்கு என்று கேட்டார். அந்தச் சிவப்புல ஒண்ண எடுத்துவிட என்றான் ததேயுஸ்.

நோயில் புத்தியும் போய்விட்டதா என்று செல்வதாஸ் கேட்டார். இத்தனை வருசம் உன்னை நாக்கில் போட்டுச் சவைத்த ஊர், அது தன் கண்ணால் பார்க்கப்போகிற ஒரே நாள் இது, அதையும் கெடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். நான் போகமாட்டேன், எனக்குக் கை வராது, எரியட்டும் என்றார். வாசலில் நின்றுதான் கத்தினார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

ததேயுஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சத்தம் போடாமல் அவன் பதில் சொன்னது செல்வதாசுக்குத் தெரிந்து அதுதான் முதல்தடவை.

"எரிஞ்சா ஒருத்தனும் வயர பாக்கமாட்டான். அரைவயருக்க பிராக்கு, அவனுக்க சாபம் பலிச்சுன்னு பறைவானுவ. செத்த பெறவும் நான்தான் எரிச்சதா இருக்கும்."

அந்த ஊரைச் செல்வதாசுக்கும் தெரியும்.

போய்ச் சொன்னால் மட்டும் அவன் கேட்பானா என்றார் கடைசியில். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது அவன் பாடு என்றான் ததேயுஸ். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வரச் சொன்னான். செல்வதாஸ் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்ட கடைசிக் காரியம் இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் இல்லை, திருவிழாவுக்கோ இன்னும் நாள் இருக்கிறது.

"நாலு பேரு நிக்கும்போ போ. அவனுக்க வள்ளத்துக்குப் பக்கத்துல நின்னு, கிளீட்டசே, உனக்க வள்ளத்துல கை வைக்கட்டான்னு எல்லாரும் கேக்க கேளு. செரின்னா, ஒரு சிவப்ப உருவி, மடக்கி, டேப்பு சுத்திக் கொடு. முடியாதுன்னா ஒண்ணும் பேசாம திரும்பி வந்துரு. கேக்காம மட்டும் தொட்டுராத மக்கா."